கடாரம் கொண்ட பிறகு

அக்கா மகள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "சரி மாமா, பிடிச்சாங்க. பிடிச்சிட்டு என்ன செஞ்சாங்க?"

கேட்ட இடம் மலேசியாவின் கெடா மாநிலத்தில் (நம் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்வது இதைத்தான்), மெர்போக் பக்கம், பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். ஜெராய் மலையின் அடிவாரம். விடியற்காலை பெய்த மழை மரங்களிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓடை. எதிரில் புக்கிட் பத்து பகாட் சண்டி. கோயில் என்று சொல்லித்தான் கூட்டிப்போவார்கள். போய்ப் பார்த்தால் கல்லை அடுக்கிய ஒரு மேடை, மரத்தூண் நின்ற இடங்களில் கல் பீடங்கள், மேலே வானம். நான் அதன் முன்னால் நின்றுகொண்டு அரைமணி நேரமாக ராஜேந்திர சோழன் கதையை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். 1025ஆம் ஆண்டு, கப்பற்படை, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை யானையோடு பிடித்தது, அவன் வாசலில் இருந்த வித்தியாதரத் தோரணத்தைக் கைப்பற்றியது எல்லாம். அத்தான் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா கொசு விரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் படிவம் படிக்கிற இந்தப் பெண்தான் நடுவில் நிறுத்திக் கேட்டாள்.

வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. "அது வந்தும்மா, பெரிய வெற்றி" என்றேன். "அதான் சொன்னீங்களே" என்றாள்.

எங்கள் ஊர் திருவாரூர். ஊர் எல்லையிலேயே கிடாரங்கொண்டான் இருக்கிறது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "கிடாரங்கொண்டான்லாம் எறங்கு" என்று கத்துவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். கடாரத்தை வென்றவன் என்ற அந்தப் பெயரின் அர்த்தம் தெரிந்தபோது பத்தாவதோ பதினொன்றாவதோ படித்தேன். அன்றைக்கு அந்த பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது நிஜம். அதற்குப் பிறகு முப்பது வருடமாக அந்தச் சிலிர்ப்பையே வைத்துக் காலம் தள்ளியிருக்கிறேன் என்பது இந்தப் பெண் கேட்ட பிறகுதான் உறைத்தது. வென்றார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒரு வரி தெரியாது. எந்த வருடம், எத்தனை ஊர், என்ன கொள்ளை என்பது வரை மனப்பாடம். மறுநாள் காலையில் கடாரத்தில் என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சுங்கை பட்டாணிக்குத் திரும்பும் வழியில் காரில் அவளே பேச்சை எடுத்தாள். மலாய்ப் பாட ஆசிரியை, மலாய் ராஜாக்களின் பழங்கதைகளைச் சொல்லும் 'செஜாரா மெலாயு' என்ற நூலிலிருந்து ராஜா சூலன் கதை சொன்னாராம். இந்தியாவிலிருந்து கிளம்பி ஊர் ஊராக ஜெயித்துக்கொண்டு தெமாசிக் (இன்றைய சிங்கப்பூர்) வரை வந்துவிட்ட சூலன், அடுத்து சீனாவைப் பிடிக்கப் புறப்படுகிறான். சீனத்து மந்திரி ஒரு தந்திரம் செய்கிறார். ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளை ஏற்றி, காய்த்து நிற்கிற இலந்தை மரங்களை வேரோடு நட்டு, பல் போன கிழவர்களை மாலுமிகளாக உட்காரவைத்து அனுப்புகிறார். சீனா எவ்வளவு தூரம் என்று சூலனின் ஆட்கள் கேட்கிறார்கள். "கிளம்பும்போது நாங்கள் எல்லாம் சின்னப் பையன்கள். இந்த மரங்கள் அப்போது விதை. இந்த ஊசிகள் கை பருமன் இரும்புக் கம்பிகள். துருவேறித் துருவேறி இப்படி ஆகிவிட்டது" என்கிறார்கள் கிழவர்கள். அவ்வளவு தூரமா என்று சூலன் திரும்பிவிடுகிறான். அப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலுக்கு அடியில் போய் அங்கே ஒரு இளவரசியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அது தனிக் கதை.

அத்தான் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்புதான், ஆனால் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. சூலன் என்றால் சோழன்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். நாம் இங்கே தோரணம், யானை, பெருநிதி என்று எழுதிவைத்திருக்கிறோம். அந்தக் கரையில் ஐந்நூறு அறுநூறு வருடம் கழித்து மிஞ்சியது, துருப்பிடித்த ஊசியைப் பார்த்து ஏமாந்துபோன ராஜா.

சுவரில் இருப்பது

ஊர் திரும்பியதும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியை, கல்வெட்டின் தொடக்கத்தில் வருகிற புகழ்ப்பாட்டை, எடுத்து நிதானமாகப் படித்தேன். "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று தொடங்குகிற இடம். என்ன ஓட்டம்! ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம் என்று ஊர்ப்பெயர்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வரும். தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடைசியில் "தொடுகடற் காவல் கடுமுரட் கடாரமும்". சுமத்ராவின் பலெம்பாங்கிலிருந்து இன்றைய தெற்கு தாய்லாந்து வரை, நடுவில் நிக்கோபார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அடைமொழி. ஒன்றுக்கு ஆழ்கடல் அகழி, ஒன்றுக்கு மாமலை அரண். வந்த வரி, வைத்த அதிகாரி, இறக்கிய படை என்று ஒன்றும் கிடையாது. பட்டியல் முடிந்ததும் ராஜேந்திரனின் ஆட்சியாண்டு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கல்வெட்டு எந்தக் கோயிலுக்கு எழுதப்பட்டதோ அந்த விவகாரம்.

ஈழத்தை இதோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே சோழர்கள் உட்கார்ந்தார்கள். பொலன்னறுவைக்கு சனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள், கோயில் எடுத்தார்கள், ஊர்களின் வருமானத்தைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் திருப்பிவிட்டார்கள். 1070 வாக்கில் விசயபாகு விரட்டும்வரை முக்கால் நூற்றாண்டு நடந்த நிர்வாகம் அது. கடாரத்தில் அப்படி ஒரு சோழ அதிகாரி இருந்து ஆண்டதற்குக் கல் ஒன்றும் கிடைக்கவில்லை. நான் நின்று கதையளந்த பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டினால் வருவது சீனப் பீங்கான் ஓடும், மேற்காசியக் கண்ணாடியும், மணிகளும்தான். பெங்காலான் பூஜாங் என்ற இடத்தில் அவ்வளவு குவியல் குவியலாக எடுத்திருக்கிறார்கள். அத்தனையும் வியாபாரத்தின் குப்பை. 1068 வாக்கில் ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரனும் கடாரத்தை வென்றதாகக் கல்வெட்டு உண்டு. வென்ற கையோடு, தன்னிடம் உதவி கேட்டு வந்து காலில் விழுந்த அரசனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டானாம். 43 வருடத்தில் இரண்டு தடவை வென்ற ஊர். இரண்டு தடவையும் நம் கையில் தங்கவில்லை, தங்கவைக்கிற எண்ணம் இருந்ததாகவும் தெரியவில்லை.

இவ்வளவு தூரம் போய் அடிக்கிற அளவுக்கு அப்படி என்ன பகை என்ற கேள்விக்குப் பதில் வரைபடத்தில் இருக்கிறது. வங்கக் கடலிலிருந்து சீனத்துக்குப் போகிற கப்பல் மலாக்கா நீரிணைக்குள் நுழைந்தாக வேண்டும். அந்தக் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது ஸ்ரீவிசயம், கடாரத்து அரசனின் கடல் ராஜ்யம். 1225ல் எழுதிய ஜாவோ ருகுவோ என்ற சீனச் சுங்க அதிகாரி, தங்கள் துறைக்குள் வராமல் தாண்டிப் போகிற கப்பலை அந்த ஊர்க்காரர்கள் உயிரைக் கொடுத்தாவது மறித்து அடிப்பார்கள் என்கிறார். வந்து நில், அவிழ்த்துக் காட்டு, கட்டவேண்டியதைக் கட்டு, பிறகு போ. ஹார்பரில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தொழில் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ்.

அதற்கு முந்தைய வரவு செலவு

எனக்கு ஆச்சரியமாக இருந்தது படையெடுப்புக்கு முந்தைய கணக்கு. தாய்லாந்தின் கிராபி பக்கம் குவான் லுக் பாட் என்ற இடத்தில் ஒரு சின்னக் கல் கிடைத்திருக்கிறது. பொற்கொல்லர் தங்கம் உரைத்துப் பார்க்கிற உரைகல். அதில் தமிழ் பிராமியில் "பெரும்பதன் கல்" என்று பொறித்திருக்கிறது. மூன்றாம், நான்காம் நூற்றாண்டு. நம் வீட்டுப் பாத்திரத்தில் அம்மா பெயர் வெட்டுவதைப் போல ஒருவன் தன் கல்லில் தன் பெயரை வெட்டியிருக்கிறான், யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாதென்று. அதே கரையில் தக்குவா பாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. ஒரு குளம் வெட்டினார்கள், அதற்கு அவனிநாரணம் என்று பெயர் வைத்தார்கள், மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழுவும் சேனாமுகத்தார் என்ற படையினரும் அதைக் காக்கவேண்டும் என்று அடைக்கலம் கொடுத்தார்கள். குளம் வெட்டுகிறவன் அடுத்த கோடைக்கும் அங்கேயே இருக்கப்போகிறவன். ராஜேந்திரனின் கப்பல் கிளம்ப இன்னும் ஏறக்குறைய 200 வருடம் இருக்கிறது.

இந்தப் பக்கம் நாகப்பட்டினம். கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரால் அங்கே ஒரு பௌத்த விகாரம் எழும்புகிறது. அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் கட்டி முடிக்கிறான். ராஜராஜன் 1006 வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்கு எழுதிவைக்கிறான். அந்தச் செப்பேட்டை வெள்ளைக்காரன் வைத்த பெயரில் லெய்டன் செப்பேடு என்று சொல்லி நமக்கும் பழகிவிட்டது. 97 வேலிச் சொச்சம் நிலம், ஆண்டுக்கு 8,943 கலத்துக்கு மேல் நெல். பெண் யானையை நடத்தி எல்லை காட்டி, அதிகாரிகள் கூடவே நடந்து, கள்ளி நட்டுக் கல் நட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ராஜராஜன் இறந்த பிறகு அதைச் செப்பேட்டில் ஏற்றி உறுதி செய்தது வேறு யாருமில்லை, ராஜேந்திரனேதான். 1014க்கும் 1019க்கும் நடுவில் கடாரத்து அரசனின் ஆட்கள் நாகப்பட்டினம் காயாரோகணர் கோயிலுக்கு நகையும் பொன்னும் கொடுத்திருக்கிறார்கள். கல்வெட்டில் "சீனக்கனகம்" என்று வருகிறது. சீனத்துத் தங்கம், கடாரத்தான் கையால், நாகை சிவனுக்கு. ஆறே வருடத்தில் படை போகிறது.

உறவு முறிந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? 1090ல் முதலாம் குலோத்துங்கனிடம் கடாரத்து அரசனின் தூதர்கள் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். நாகையில் உள்ள எங்கள் பள்ளிச்சந்த ஊர்களுக்கு, அதாவது பௌத்தப் பள்ளிகளுக்கு எழுதிவைத்த ஊர்களுக்கு, வரி நீக்கித் தாருங்கள் என்று விண்ணப்பம். குலோத்துங்கன் நீக்கிக் கொடுக்கிறான். அதைப் பதிந்த சிறிய லெய்டன் செப்பேட்டில் இரண்டு பௌத்தப் பள்ளிகளின் பெயர் வருகிறது. ஒன்று ராஜராஜப் பெரும்பள்ளி. இன்னொன்று ராஜேந்திரசோழப் பெரும்பள்ளி. தன் ஊரை அடித்து யானையைப் பிடித்துப் போனவன் பெயரைத் தாங்கிய பள்ளிக்காகக் கடாரத்தான் தூது அனுப்புகிறான். முதலில் படித்தபோது தவறாகப் படிக்கிறேனோ என்று சந்தேகப்பட்டுத் திரும்பப் படித்தேன்.

அந்த விகாரத்தின் மிச்சமாக ஒரு செங்கல் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நாகையில் நின்றது. சீனாக் கோபுரம் என்பார்கள். 1867ல் அரசாங்க அனுமதியோடே இடித்துவிட்டார்கள். வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் பூமிக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கில் புத்தர் சிலைகள் வந்தன. தெருவின் பெயரைக் கவனியுங்கள், நாணயக்காரத் தெரு.

ஒரு சீன எழுத்தரின் குறிப்பு

இதுவரைக்கும் என் பெருமைக்குப் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள், நல்லதுதானே என்று தேற்றிக்கொள்ளலாம். என்னை உட்காரவைத்தது சீனத்துச் சொங் அரசின் வரலாற்றில் உள்ள ஒரு சின்னக் குறிப்பு. வருடம் 1106. பர்மாவின் பகான் அரசனிடமிருந்து தூதர்கள் வருகிறார்கள். பேரரசர் ஹுய்சோங், சோழத் தூதர்களுக்குச் செய்த அதே மரியாதையை இவர்களுக்கும் செய்யுங்கள் என்கிறார். சடங்குத் துறை அதிகாரி குறுக்கிடுகிறார். சோழம் ஸ்ரீவிசயத்துக்கு அடங்கிய நாடு, அதனால்தான் போன தடவை அதன் அரசனுக்குக் கெட்டித் தாளில் எழுதிச் சாதாரண உறையில் போட்டு அனுப்பினோம். பகான் அப்படி இல்லை, பெரிய ராஜ்யம், அதற்குப் பொன் பூ வேலை செய்த பட்டில் எழுதுவதுதான் முறை என்கிறார். பேரரசரும் சரி என்கிறார்.

ஸ்ரீவிசயத்துக்கு அடங்கிய சோழம்! நாம் போய் அடித்து 81 வருடம் ஆகிவிட்டது. தஞ்சாவூரில் 1030 வாக்கில் கல்லில் வெட்டியாகிவிட்டது. கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் நிற்கிறது. சீனத்து அலுவலகக் கோப்பில் மட்டும் நாம் கடாரத்தானின் கீழே கை கட்டி நிற்கிற நாடு. அன்று இரவு எனக்குக் கோபம்கூட வந்தது, செத்து 900 வருடமான ஒரு அதிகாரியின் மேல். மனைவி வந்து "யாரோட சண்டை?" என்று கேட்டாள். "ஒரு சீனாக்காரன்" என்றேன். எல்லைப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோபம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாவது நாள் ஆபீஸில் ஒரு பழைய கோப்பைத் தேடப்போய், வேறொன்று ஞாபகம் வந்தது. பல வருடம் முன்பு ஒரு வாடிக்கையாளரின் சரக்கு, தூத்துக்குடியில் ஏறி போர்ட் கிளாங்கில் கப்பல் மாறிக் கிழக்கே போனது. போய்ச் சேர்ந்த ஊரில் யாரோ ஒரு குமாஸ்தா, கப்பல் மாறின துறையைப் பார்த்து, உற்பத்தியான நாடு மலேசியா என்று ஒரு கட்டத்தில் தட்டிவிட்டான். அதற்குப் பிறகு அந்த ஏற்றுமதியாளர் அனுப்பிய அடுத்த இரண்டு சரக்குக்கும் பழைய தாளைப் பார்த்துப் பார்த்து அதையே நிரப்பியிருக்கிறார்கள். டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறிக்கொண்டே இருக்க, இது எங்கள் ஊர்ச் சரக்கு என்று நிரூபிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோப்பில் ஒருமுறை ஏறிவிட்டால் போதும், அடுத்தவன் அதைப் பார்த்துத்தான் எழுதுவான். துறைமுகத்துக்கு நேரில் போய் யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

சோழத் தூதுகளுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். ஆய்வாளர்கள் வேறு வேறு காரணம் சொல்கிறார்கள், நான் என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். ராஜராஜன் அனுப்பிய முதல் தூது சீனம் போய்ச் சேர்ந்தது 1015ல். கிளம்பி 1,150 நாள் ஆயிற்று என்று சீனக் குறிப்பு சொல்கிறது. மூன்று வருடத்துக்கும் மேல்! அவர்கள் முத்தையும் தந்தத்தையும் பேரரசர் முன் வைத்தபோது, அனுப்பிய ராஜராஜன் இறந்து போயிருந்தான். (இலந்தை மரக் கப்பல் கதையைக் கட்டியவன் ரொம்பவும் பொய் சொல்லிவிடவில்லை.) அந்த 1,150 நாளில் கடலில் ஓடிய நாள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் காற்றுக்குக் காத்துக் கிடந்தது, வழித்துறைகளில் தங்கியது. அந்தத் துறைகளில் பல யார் கையில்? சீனத்து வாசலைப் பல காலமாகத் தட்டிப் பழகியவன், அங்கே பேசத் தெரிந்தவன் யார்? ஸ்ரீவிசயத்தான். அவன் துறை வழியாக, அவன் ஊர் துபாஷியோடு வந்து இறங்கிய சரக்கு நாம். ஸ்ரீவிசயமோ 1025ல் அடிபட்ட மூன்றாம் வருடமே, 1028ல், ஒன்றும் நடக்காததைப் போல மறுபடி சீனத்துக்குத் தூது அனுப்பிவிட்டது. தன் வீட்டில் யானையோடு சேர்த்து ராஜாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அங்கே போய்ச் சொல்லிக்கொண்டா இருந்திருப்பான்?

சீனத்து அதிகாரியின் தாள் மட்டமாக இருந்ததே தவிர, கொடுத்தது மட்டமில்லை. 1077ல் குலோத்துங்கன் காலத்துத் தூதில் 72 பேர் போனார்கள். கண்ணாடிச் சாமான், கற்பூரம், காண்டாமிருகக் கொம்பு, பன்னீர், பெருங்காயம், கிராம்பு என்று கொண்டுபோனதில் பாதி நம் ஊரில் விளையாதது. வாங்கி விற்ற பொருள். பெயர்தான் காணிக்கை. பதிலுக்குக் கிடைத்தது 81,800 சரம் செப்புக்காசு. சரத்துக்கு 1,000 என்று பெயரளவில் வைத்தாலும் எட்டுக் கோடிக்கு மேல். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் சீனக் காசுப் புதையல் அகப்பட்டிருக்கிறது. சின்ன வயதில் எங்கள் தாத்தா "சீனாக்காசு" என்று ஒன்றை டப்பாவில் வைத்திருந்தார், நடுவில் சதுர ஓட்டை. அதை வாஷர் என்று நினைத்து சைக்கிளில் மாட்டினேன். எந்தக் காலத்துக் காசோ தெரியாது, அடிவாங்கியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கோபம் இறங்கிய பிறகுதான் அக்கா மகளின் கேள்வியை முதல்முறையாக நேராகப் பார்க்க முடிந்தது. பிடித்துவிட்டு என்ன செய்தார்கள்? ராஜா ஒன்றும் செய்யவில்லை. அவன் வேலை அந்தப் பருவத்தோடு முடிந்தது. பாதை திறந்தால் போதும் என்று நினைத்தானோ, தோரணம் கிடைத்தால் போதும் என்று நினைத்தானோ, திரும்பிவிட்டான். செய்தவர்கள் வேறு ஆட்கள்.

சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்று ஒரு துறை. கற்பூரத்துக்குப் பேர்போனது. அதன் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் 1873ல் ஒரு தமிழ்க் கல்வெட்டு அகப்பட்டது. சகம் 1010, மாசி மாதம். கிறிஸ்து ஆண்டுக்கு 1088. சிதைந்த கல். அதில் கிடைத்திருக்கும் வரிகளில் எந்த ராஜாவின் மெய்க்கீர்த்தியும் இல்லை. பேசுகிறவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர், வணிகர் குழு. வாரோசு என்று ஊர்ப்பெயர் வருகிறது, அதற்கு உய்யக்கொண்ட பட்டினம் என்று முடிகிற நீளமான தமிழ்ப்பெயர் வேறு. கூடிப் பேசி ஒரு தீர்மானம் போடுகிறார்கள். மரக்கலத்து நாயனும் (கப்பல் தலைவன்) கப்பல் ஆட்களும் அஞ்சுதுண்டாயம் என்ற ஆயத்தை, அதாவது வரியை, கட்டவேண்டும். பொன்னாகக் கட்டவேண்டும். எவ்வளவு பொன் என்பது கஸ்தூரியின் விலையை ஒட்டி. கட்டிய பிறகு பாவாடை ஏறலாம்.

இதைப் படித்தபோது ஆபீஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிடாரங்கொண்டான் பஸ் நிறுத்தத்தில் வந்த சிலிர்ப்பு அல்ல இது. நம் ஆள் என்ற உணர்ச்சி. கடல் தாண்டி அந்நிய மண்ணில் நின்றுகொண்டு, பொன்னின் அளவை ஒரே எண்ணாக வெட்டாமல், கஸ்தூரி விலையோடு முடிச்சுப் போடுகிறான் பாருங்கள். விலை ஏறினால் ஆயம் ஏறும், இறங்கினால் இறங்கும், யாரும் வந்து கல்லைத் திருத்தவேண்டாம். நாங்கள் இன்றைக்கும் டாலரின் அன்றைய விகிதத்தை அரசாங்க அறிவிப்பில் பார்த்துத்தான் வரி கணக்குப் போடுகிறோம். இந்த வரியை எழுதியவனுக்குக் கணக்கு தெரியும், கப்பல்காரன் எப்படியெல்லாம் ஏய்ப்பான் என்பதும் தெரியும். ராஜேந்திரனின் புலவரைவிட இவனோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்க எனக்கு ஆசை.

தலைநகரில் அப்போது ஆண்டுகொண்டிருந்த குலோத்துங்கனுக்கு ஒரு பட்டம் உண்டு, சுங்கந்தவிர்த்த சோழன். சுங்கத்தை நீக்கினான் என்பதற்காக. எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய மெய்க்கீர்த்தி கிடையாது. கடாரம் கொண்டான், கங்கை கொண்டான் என்று கொண்டதற்கு ஊர்ப்பெயர் வைத்த நாம், தவிர்த்ததற்கு ஒரு பஸ் நிறுத்தமாவது வைத்திருக்கிறோமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ராஜா சுங்கத்தைத் தவிர்க்கிறான்; அவன் ஊரிலிருந்து போன வியாபாரி சுமத்ராவில் உட்கார்ந்து ஆயம் வாங்குகிறான். இதில் யார் பேரரசு என்று எனக்குக் கொஞ்சம் குழப்பம்தான். சோழர்களே இல்லாமல் போன பிறகும் இவர்கள் நிற்கவில்லை. 1281ல் சீனத்தின் சுவான்ஜோவில் ஒரு சிவன் கோயிலுக்குத் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள், செகசைக்கான் திருமேனி நன்றாக இருக்கவேண்டும் என்று. அந்தக் கான், குப்லாய் கான். ஊரை யார் ஆள்கிறானோ அவன் உடம்பு நன்றாக இருந்தால் வியாபாரம் நடக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்கு வாட்ஸப்பில் ஏழெட்டு நிமிடத்துக்குக் குரல்பதிவு அனுப்பினேன். பதில் கிடைத்துவிட்டதும்மா என்று தொடங்கி, பாரூஸ், ஐந்நூற்றுவர், கஸ்தூரி எல்லாம் சொல்லி, கல்வெட்டின் வாசகத்தையும் தட்டி அனுப்பினேன். கேட்டாளா, ஓட்டிவிட்டாளா தெரியவில்லை. ராத்திரி பதில் வந்தது.

"மாமா, பாவாடைன்னா நாங்க போடுற பாவாடையா?"

இல்லையம்மா, தரையில் விரிக்கிற துணி. சாமி புறப்பாட்டுக்கு, பெரிய மனிதர் வந்தால் நடக்க, ஊரில் நடைபாவாடை விரிப்பார்களே அது, கட்டவேண்டியதைக் கட்டினால் அந்த விரிப்பில் கால் வைத்து ஊருக்குள் வரலாம் என்று அர்த்தம் என எழுதினேன்.

கொஞ்ச நேரம் 'டைப்பிங்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஓ. பினாங்குப் பாலத்து டோல் மாதிரி."